தட்டினால் விட்டுவிட வேண்டும்

உன் வெள்ளைப் பயிற்சிச் சட்டையை நேற்று துவைத்தேன். தடித்த பருத்தி. நனைந்தால் ஒரு குழந்தையின் கனம் வந்துவிடும். விடுதி மொட்டை மாடியில் காயப்போட்டால் கொடி பாதி தாழ்ந்து தொங்குகிறது. எத்தனை முறை சோப்பு போட்டாலும் அதன் கழுத்துப் பட்டையிலிருந்து அந்தப் பச்சைத் தைலத்தின் வாசனை போவதில்லை. பயிற்சிக்கு முன்னால் பிடரியில் ஒரு கோடு, மூக்குக்குக் கீழே ஒரு சொட்டு. அப்படித்தான் நீ தயாராவாய். "அடுத்தவ வேர்வை நாத்தம் தெரியாது பாரு" என்பாய்.

இன்று காலை மல்லாபூர் பயிற்சிக் கொட்டகையில் அந்தச் சட்டையைப் போட்டு இடுப்புப் பட்டியை இறுக்கியபோது வாசனை மேலே வந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"அக்கா, மூணுல எது எடுக்கணும்?"

தார்நாகாவில் இருந்து வரும் கல்லூரிப் பெண். அப்பா அம்மா திருச்சிப் பக்கம், இவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே சிகந்தராபாத்தில். நான் தமிழில் பேசினால் புரிந்துகொண்டு இந்தியிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்வாள். அவள் என்னிடம் தமிழில் கேட்ட முதல் கேள்வி இது. சட்டைக் கையை இழுத்து இழுத்து விரல்களை மூடிக்கொண்டு நின்றாள். எதற்காக மூடுகிறாள் என்று எனக்குத் தெரியும். விரல் நடுங்குவதை யாரும் பார்க்கக் கூடாது.

நீ இருந்திருந்தால் அவளுக்குச் சட்டென்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் பேகம்பேட் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் அதை நான் முழுதாகச் சொல்லி நீ கேட்டதே இல்லை. பாதியிலேயே சிரித்துவிடுவாய்.

அப்போது நான் வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். சாத்தூரில் பருப்பு மில்லில் மூட்டை தூக்கும் அப்பா, ரயிலேற்றும்போது சொன்னது ஒன்றே ஒன்று. "யார்கிட்டயும் வம்பு வச்சுக்கிராதத்தா. குனிஞ்ச தல நிமிராம போயிட்டு வா." அதை அப்படியே கடைப்பிடித்தேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது.

அன்று சாயங்காலம் பழைய விமான நிலையத்து மதிலை ஒட்டிய நிறுத்தத்தில் நின்றிருந்தேன். ஒரு ஆள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். ரொம்ப நாள் பழகியவன் போலச் சிரித்தான். இந்தியில் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே இழுத்தான். சுற்றி நின்றவர்கள் ஒரு முறை பார்த்துவிட்டு, குடும்பச் சண்டை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் கத்தவில்லை. கையை உதறவில்லை. கால் இருந்த இடத்திலேயே இருந்தது, வேறு யாருடைய காலோ மாதிரி. வாய் மட்டும் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. "விடுங்கண்ணே. விடுங்கண்ணே."

நீ பஸ்ஸின் படியில் நின்றுகொண்டு அதைக் கேட்டிருக்கிறாய். டிபன் பையோடு கீழே குதித்து, "ஏய், கைக்கு பக்டா ரே? சோட்!" என்று, ஏன்டா பிடித்தாய், விடு என்று, நீ போட்ட சத்தத்தில் நிறுத்தமே திரும்பியது. அவன் அவசரப்படவில்லை. என் கையை விட்டுவிட்டு, அதே சிரிப்போடு கூட்டத்துக்குள் நடந்து போனான்.

"தமிழா? எந்த ஊரு?" என்று கேட்டாய்.

"சாத்தூர்."

"அவன் உனக்கு அண்ணனா?"

"இல்ல."

"அப்புறம் அவனுக்கு எதுக்குமா 'ங்க', எதுக்கு 'அண்ணே'? டீ வாங்கிக் குடுத்து அனுப்பியிருக்கலாமே."

நான் அழுதேன். நீ தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாய். அப்போதுதான் உன்னை அடையாளம் தெரிந்தது. எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் கேப் பிரிவில் உட்கார்ந்து, தொலைபேசியில் டிரைவர்களை தக்கணி இந்தியில் வறுத்தெடுக்கும் குரல் உன்னுடையது. தாத்தா காலத்திலேயே சிகந்தராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. என் பெயரை அன்று நீ கேட்கவில்லை. கடைசி வரை உனக்கு நான் சாத்தூர்தான்.

அதற்குப் பிறகு அந்த நிறுத்தத்தை விட்டுவிட்டு, ஒரு நிறுத்தம் நடந்து போய் ஏறினேன். அந்த ஆளின் முகம் சீக்கிரமே மறந்துபோனது. நான் நின்ற விதம் மறக்கவில்லை. கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன், திடீரென்று மணிக்கட்டைச் சுற்றி ஒரு வளையம் இறுகும். சோப்பு போட்டுக் கழுவுவேன். மறுபடியும் யாராவது பிடித்தால் மறுபடியும் அப்படியே மரம் போல நிற்பேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பஸ்ஸில், லிஃப்டில், காய்கறிக் கடையில், பக்கத்தில் யார் கையை உயர்த்தினாலும் எனக்குள் எல்லாம் நின்றுவிடும். தலை வாரக் கையைத் தூக்குகிறவர்களைக் கண்டுகூட.

இதை உன்னிடம் சொன்னபோது நீ கிண்டல் செய்யவில்லை. நாச்சாரம் பக்கம் மின்கம்பத்தில் ஒரு பேனர் பார்த்ததாகச் சொன்னாய். கலப்புச் சண்டைப் பயிற்சி, பெண்களும் வரலாம்.

"எனக்கு இடுப்பு குறையணும். உனக்கு வாய் வரணும். வா போலாம்."

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"அக்கா நக்கோ, வேணாம். நீ, வா, போன்னு பேசு. அப்புறம், பயமா இருந்தா நல்லதுதான். பயமில்லாதவ கூட நான் உருள மாட்டேன், எங்கயாச்சும் ஒடச்சுடுவா."

ஒரு சனிக்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் போனோம். அது முன்பு ஏதோ பொருட்களைப் பெட்டியில் அடைக்கும் பட்டறையாக இருந்த கொட்டகை. தகரக் கூரை. பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து கசப்பான மருந்து வாடை. தரை முழுக்க நீலமும் சிவப்புமாக ரப்பர் மெத்தைகள், அவற்றின் மேல் பினாயில் ஈரம். கோச் எங்கள் வயதுக்காரர். பழைய நகரப் பகுதியில் குஸ்தி மண்ணில் உருண்டு வளர்ந்து, மற்றதையெல்லாம் பிறகு கற்றவர். அவருடைய வழக்கம் இது: குத்து, உதை எல்லோருக்கும் பொது. ஆனால் பிடிச்சண்டைக்கு மூன்று வழி உண்டு. குஸ்தி, ஜூடோ, ஜியு ஜிட்சு. முதல் மாதம் மூன்றையும் ருசி பார்க்கலாம். மாதக் கடைசியில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் அடித்தளம். மற்றவை அதன் மேல் கட்டப்படும்.

நான் மூன்றையும் பயத்தால் அளந்தேன்.

குஸ்தியின் முதல் பாடமே எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது. கோச் ஒரு பையனின் கையைப் பிடித்துக் காட்டினார். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நீ வெளியே நின்று கதவைத் தட்டி, "சாத்தூர், தண்ணி டேங்க் காலியாயிடும்மா" என்றாய்.

ஜூடோவில் எல்லாம் துணிமேல் நடந்தது. கழுத்துப் பட்டையை ஒரு கை, சட்டைக் கையை ஒரு கை. தோல்மேல் யார் விரலும் படவில்லை. என்னைத் தூக்கிப் போட்டார்கள். விழும்போது கையால் மெத்தையை ஓங்கி அறைந்து அதிர்ச்சியைத் தரைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். விழுவது எனக்கு வந்தது. விழுந்ததும் எழுந்துவிடலாம். நின்றுகொண்டே முடித்துவிடலாம். என்னை யாரும் பிடிக்கவில்லை, என் சட்டையைத்தான் பிடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜியு ஜிட்சு வகுப்பில் ஒரு பெண் மல்லாந்து படுத்தாள். இன்னொருத்தி அவள் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்தாள். பாடமே அங்கேதான் தொடங்குகிறது என்றார் கோச். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அந்த வாரம் முழுக்க முதுகு சுவரை விட்டு வரவில்லை.

மாதக் கடைசியில் கோச் ஒவ்வொருவராகக் கேட்டார்.

"ஜியு ஜிட்சு," என்றாய் நீ.

"கைக்கு?" ஏன் என்று கேட்டார்.

"நிக்க வேணாம். படுத்துக்கிட்டே சண்ட போடலாம். எங்க வீட்ல இதுக்குத் திட்டுவாங்க, இங்க பெல்ட் குடுக்கறீங்க." அதையே இந்தியிலும் சொன்னாய். அவர் சிரிப்பை அடக்க முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

நான் ஜூடோ என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னார். கலப்புச் சண்டைப் போட்டி நடக்கும் கூண்டுக்குள் யாரும் சட்டை போடுவதில்லை, பிடிக்கத் துணி இருக்காது. அது எனக்குத் தெரியாததா? எனக்குக் கூண்டுக்குப் போகும் எண்ணம் இல்லை. எனக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு தடித்த துணி வேண்டும், அவ்வளவுதான். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய்.

ஜூடோவில் சில வாரம் நன்றாகப் போனது. எல்லோரையும் தொடுமுன் சாரி சொன்னேன், தொட்ட பிறகும் சொன்னேன். சாரி ஜூடோ என்று ஒரு பெயரே வந்துவிட்டது. பிறகு அந்த நாள் வந்தது. என்னோடு பயிற்சி செய்த தெலுங்குப் பெண் மாவட்டப் போட்டிகளில் ஆடியவள். என்னை வீசினாள். வழக்கமாக அதோடு எழுந்துவிடுவாள். அன்று கூடவே விழுந்து, என் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து அணைத்து, மார்போடு மார்பு அழுத்திப் படுத்துக்கொண்டாள். அவள் செய்தது சரியான ஜூடோ. அதுவும் பாடத்தில் இருக்கிறது. நான்தான் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

அவள் சட்டை என் மூக்கின் மேல் கிடந்தது. மூச்சு வரவில்லை. கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை வழியாக வெயில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் திமிறாததால் பிடி சரியாக விழவில்லையோ என்று அவள் இன்னும் இறுக்கினாள். பேகம்பேட்டில் நின்றது போலவே இங்கே படுத்துக் கிடந்தேன். இங்கே ஒரு வித்தியாசம் இருந்தது, அது எனக்கு நினைவே வரவில்லை. அவள் முதுகில் இரண்டு தட்டு தட்டினால் போதும், அவள் விட்டாக வேண்டும். முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். என் கை மெத்தைமேல் விரிந்து கிடந்தது.

அடுத்த மெத்தையிலிருந்து நீதான் பார்த்தாய். "ஏய் சோட் சோட், அவ மூச்சு விடல" என்று வந்து அவளை விலக்கினாய். அந்தப் பெண் பயந்துபோய் என் கன்னத்தைத் தட்டி, "தட்டலயே, தட்டலயே" என்று தெலுங்கில் அழுதாள். நான் எழுந்து உட்கார்ந்து அவளுக்கும் சாரி சொன்னேன்.

அன்று ஆட்டோவில் திரும்பினோம். ஹப்சிகூடா தாண்டும்போது கேட்டாய்.

"எதுக்குத் தட்டல?"

"தொந்தரவு பண்ண வேணாம்னு."

சொன்ன பிறகுதான் எனக்கே அது காதில் விழுந்தது. நீ மெதுவாகச் சொன்னாய். "ரோட்ல தட்டினா எவனும் விட மாட்டான். இங்க தட்டினா விட்டே ஆகணும். அதான் இங்க சட்டம். இந்த ஊர்லயே அந்த ஒரு கொட்டகையிலதான் அந்தச் சட்டம் இருக்கு. அத வச்சுக்கிட்டு நீ வேஸ்ட் பண்றியே."

கோச்சிடம் பேசியது நீதான். அடுத்த வாரம் நான் ஜியு ஜிட்சுப் பக்கம் வந்தேன். ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது இருவரும் உள்ளங்கையை உள்ளங்கையில் உரசி, பிறகு முஷ்டியை முஷ்டியில் இடித்துக்கொள்ள வேண்டும். "எங்க சர்ச்சுல சமாதானம் குடுக்கற மாதிரிதான் இது. குடுத்துட்டு அடிச்சுக்க வேண்டியது," என்றாய். கை உரசி, முஷ்டி இடித்தோம். நீ ஏறி உட்காரப் போகிறாய் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் நீ மல்லாந்து படுத்திருக்கிறாய்.

"ஏறி உக்காரு."

"நானா?"

"முதல்ல விடக் கத்துக்கோ. நான் தட்டுவேன், நீ விடணும். அவ்ளோதான் இன்னிக்கு."

உன் மேல் உட்கார்ந்தேன். உன்னை அழுத்திப் பிடித்தேன். நீ என் விலாவில் இரண்டு முறை தட்டினாய். விட்டேன். மறுபடி பிடித்தேன், தட்டினாய், விட்டேன். காலை முழுக்க அது ஒன்றுதான். விட்டுவிடுவது இவ்வளவு சுலபம், பிடித்தவளுக்கு இதில் ஒரு தொந்தரவும் இல்லை என்று என் கைகளுக்குப் புரிந்தது. மூளைக்குப் புரிய இன்னும் நாளானது.

பிறகு மாறிப் படுத்தோம். நீ என் மேல் உட்காரும் முன்பே தட்டினேன். நீ எழுந்துவிட்டாய். உன் நிழல் என்மேல் விழுந்ததும் தட்டினேன். எழுந்தாய். நான் தட்டுவது எனக்கே கேட்காது. எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும் என்பாய். ஆனால் ஒரு முறைகூட நீ அதைத் தவறவிட்டதில்லை. இன்னும் கொஞ்சம் பொறு, இதற்குள்ளேயா என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. பேச்சின் நடுவில் தட்டினாலும் சொல்லை அப்படியே நிறுத்திவிட்டு எழுவாய். உன் எடை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதை என்மேல் எப்படி மெல்ல மெல்ல, கடன்காரனைப் போல இல்லாமல் விருந்தாளியைப் போல, இறக்கி வைத்தாய் என்பதும் தெரியும்.

"காலைல என்ன சாப்ட்ட?" என்று மேலே உட்கார்ந்துகொண்டே கேட்பாய்.

"இட்லி."

"எத்தன?"

பதில் சொல்லி முடிப்பதற்குள் முன்பைவிட அதிக நேரம் கழிந்திருக்கும். அந்த ஏமாற்று வேலை எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது.

பந்த் நாட்களில் பஸ் ஓடாது, அலுவலகம் இருக்காது. தார்நாகாவிலிருந்து நடந்தே போய்விடுவோம். சாலை காலியாக இருக்கும். ஆள் இல்லாத சாலை எனக்கு இன்னும் பயம். நீ என் கையைப் பிடிக்க மாட்டாய். என் சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடப்பாய். ஜூடோக்காரிக்கு மரியாதை என்பாய்.

அப்படி ஒரு பந்த் நாளில்தான் அது நடந்தது. நீ மேலே உட்கார்ந்து உன் அத்தை மகள் கல்யாணத்துக் கவுனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். என் கை, நான் சொல்லாமலே, உன் கையை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியது. கால் உன் கால்மேல் கொக்கி போட்டது. இடுப்பை உயர்த்தித் தோள்பக்கமாக உருண்டேன். அடுத்த நொடி நீ கீழே, நான் மேலே. நீ கூரையைப் பார்த்து விழித்தாய்.

"அரே," என்றாய். "சாத்தூர் என்னக் கவுத்துட்டா." எழுந்து போய்க் கொட்டகையில் இருந்த எல்லோரிடமும், டீ கொண்டுவந்தவரிடமும்கூடச் சொன்னாய். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. என் உடம்பு என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறது.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. லீவு சொல்லும்போதுகூட, "கொசுகிட்ட தட்டினேன், அது விடல" என்று சிரித்தாய். பிறகு உன் தொலைபேசியை உன் அம்மா எடுக்க ஆரம்பித்தார். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது என்றார். கொட்டகையில் இருந்த எல்லோரும் ரத்தம் கொடுக்கப் போனோம். கோச் ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நான் நின்றது பேகம்பேட்டில் நின்றது மாதிரியேதான். கால் நகரவில்லை. உன் அம்மா என் முதுகில் கை வைத்து, "உள்ள போம்மா. சாத்தூர் சாத்தூர்னு உன்னத்தான் சொல்லிட்டிருந்தா, குழா போடறதுக்கு முன்னாடி" என்றார்.

உன் வாயில் குழாய். கண் பாதி மூடியிருந்தது. முகம் வீங்கி, வயதில் மூத்த யாரோ போல இருந்தாய். உன் கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு வந்த பயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ தட்டிவிடுவாயோ என்று பயந்தேன். தட்டினால் விட்டுவிட வேண்டும். கேள்வி கேட்காமல், இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்லாமல் விட வேண்டும். அதைத்தான் நீ முதலில் கற்றுக்கொடுத்தாய். உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அசைந்தன.

நீ தட்டவில்லை. உன் உள்ளங்கை என் உள்ளங்கைமேல் மெதுவாக உரசியபடி பின்னால் போனது. பிறகு விரல்கள் மடங்கின, பாதி மடங்கின. அந்தப் பாதி முஷ்டியை என் விரல்கள்மேல் வைத்தாய்.

நான் முஷ்டி மடக்கி இடித்தேன், பூ இடிப்பது போல.

பார்த்திருந்தால் நர்ஸ் அதை வெறும் துடிப்பு என்று சொல்லியிருக்கலாம். நான் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் மதியம் நீ போய்விட்டாய்.

கல்லறைத் தோட்டத்தில் மழை. கொட்டகைக்காரர்கள் விரல்களில் சுற்றிய வெள்ளை டேப்போடு பின்னால் வரிசையாக நின்றார்கள். உன் உறவினர் ஒருவர் அவர்களை விபத்தில் அடிபட்டவர்கள் என்று நினைத்துப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். நீ இருந்திருந்தால் அதை ஒரு வருஷம் சொல்லிச் சிரித்திருப்பாய்.

அதன்பின் பல வாரம் நான் மல்லாபூர் ஆட்டோவில் ஏறவே இல்லை. பயம் பழைய வீட்டுக்குத் திரும்பி வந்து தன் பாயை விரித்துப் படுத்துக்கொண்டது. ஒரு நாள் உன் அம்மா கூப்பிட்டு இந்தச் சட்டையைக் கொடுத்தார். "அவ துணியெல்லாம் சர்ச்சுக்குக் குடுத்தேம்மா. இத மட்டும் கராத்தே துணின்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. யாரு போடுவா இத?" என்றார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டபோது தைல வாசனை வந்தது. நான் போடுகிறேன் என்றேன், அடுத்த சனிக்கிழமை மல்லாபூர் ஆட்டோவில் ஏறினேன். தோள் இறங்கும், கை நீளும். நான்கு மடிப்பு மடித்துப் போட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஒன்று நடந்தது. நாச்சாரம் பஸ்ஸில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. முகவாய் தானாகத் தாழ்ந்தது, முழங்கை விலாவோடு ஒட்டியது, ஒரு கால் பின்னால் போய் ஊன்றியது. திரும்பிவிட்டேன். எதிரே ஒரு வயதான அம்மாள். டிரைவர் பிரேக் போட்டதில் விழப்போய், கிடைத்ததைப் பிடித்திருக்கிறார். "படிபோயானம்மா," விழுந்துட்டேம்மா என்று என் முகத்தைப் பார்த்து மிரண்டார். அவரைத் தாங்கி உட்கார வைத்தேன். நான் மரம் போல நின்றுவிடவில்லை என்பது தார்நாகா வந்த பிறகுதான் உறைத்தது. உடனே உன்னிடம் சொல்லத் தொலைபேசியை எடுத்துவிட்டேன். உன் எண் அதில் இன்னும் இருக்கிறது.

இன்று காலைக்கு வருகிறேன். அந்தப் பெண் கேட்டுவிட்டு நின்றாள். மூன்றில் எது என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. குஸ்தி நல்லது, ஜூடோ நல்லது. எதை எடுத்தாலும் ஒரு நாள் யாராவது மேலே வந்து அழுத்துவார்கள். நான் எடுத்ததாக நினைத்தது ஜூடோவை. என்னைக் காப்பாற்றியது ஜியு ஜிட்சுவா என்று கேட்டால் அதுவும் தெரியாது. எறும்பு ஊர்வது போலத் தட்டினாலும் விடுகிறவள் ஒருத்தி அந்தப் பக்கத்து மெத்தையில் இருந்தாள். அவள் குஸ்தி எடுத்திருந்தால் நான் குஸ்திக்காரி ஆகியிருப்பேன்.

"நீ தட்டினா யாரு உடனே விடறாங்களோ, அவங்க எந்தப் பக்கம் இருக்காங்களோ அந்தப் பக்கம் போ," என்றேன்.

"ஹவ் டு நோ, அக்கா?" என்றாள்.

நான் மெத்தையில் மல்லாந்து படுத்தேன். கையை நீட்டி, உள்ளங்கையை உரசக் காட்டிக்கொடுத்தேன். முஷ்டியை இடிக்கக் காட்டிக்கொடுத்தேன். ஏறி உட்காரச் சொன்னேன். பாவம், தன் பாரத்தை முழுக்க முழங்காலிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தட்டினேன். தீ சுட்டது போல எழுந்து, "தர்த் ஹுவா, அக்கா?" என்று கேட்டாள். வலிக்கவில்லை, மறுபடி உட்கார் என்றேன். பலமுறை தட்டினேன், பலமுறை விட்டாள். கூரை ஓட்டையில் அதே வெயில். மேலே ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்றும் முதல் மூச்சு எனக்குப் பாதியில்தான் நிற்கிறது.

பிறகு மாறிப் படுத்தோம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உன் சட்டையின் தொங்கும் நுனியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவள் முகத்தில் விழக் கூடாது. நீ இறக்கியது போலவே கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தை இறக்கினேன்.

"காலைல என்ன சாப்ட்ட?" என்று கேட்டேன்.

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அப்போது, தடித்த துணிக்கு மேலே, என் விலாவில் ஏதோ பட்டது. ஒரு விரல் நுனி. மறுபடியும் ஒரு முறை. வேறு யாராக இருந்தாலும் அதைத் தட்டு என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் எழுந்துவிட்டேன்.

அவள் கண்ணைத் திறந்து, நான் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். பிறகு சட்டைக் கைக்குள்ளிருந்து விரல்களை வெளியே எடுத்து, அடுத்த சுற்றுக்கு உள்ளங்கையை என்னை நோக்கி நீட்டினாள்.